‘ஃப்ரீ ஒயிட் பெர்சன்’: மூன்று சொற்களின் 162 ஆண்டுகள்

1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் அது ஏறக்குறைய இப்படி வரும்: இந்தியாவில், பஞ்சாபில், அமிர்தசரஸில் பிறந்த, முழு இந்திய இரத்தம் உள்ள ஓர் உயர்சாதி இந்து, சட்டத் தொகுப்பின் 2169ஆம் பிரிவு சொல்லும் பொருளில் வெள்ளை மனிதரா?

முதல் தடவை படிச்சப்ப எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லாக இடறியது. ‘உயர்சாதி’ என்பதை ஓர் அமெரிக்க நீதிபதி எதை வைத்து அளப்பார்? ‘முழு இரத்தம்’ என்றால் என்ன? வழக்கில் இருக்கும் மனிதர் தலைப்பாகை கட்டிய சீக்கியர். அவர் எப்படி ‘இந்து’ ஆனார்? எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளை என்பது நிறமா, இனமா, பிறந்த மண்ணா?

இந்தக் கேள்வி திடீரென்று முளைத்ததல்ல. 133 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட இன்னொரு வாக்கியத்தின் பேரப்பிள்ளை இது. அங்கிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

இரண்டு அடைமொழிகள்

1790 மார்ச் 26. புதிதாகப் பிறந்த அமெரிக்காவின் முதல் நாடாளுமன்றம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ‘ஃப்ரீ ஒயிட் பெர்சன்’ ஆக இருந்தால், இரண்டு ஆண்டுகள் அங்கே வசித்திருந்தால், நல்ல நடத்தை உள்ளவர் என்று நீதிமன்றத்துக்குப் பட்டால், குடிமகன் ஆகலாம். அவ்வளவுதான். ‘ஃப்ரீ’ என்றால் யார், ‘ஒயிட்’ என்றால் யார் என்று விளக்கமே கிடையாது. சட்டம் எழுதிய அறையில் இருந்த யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அந்த அறைக்கு வெளியே நின்று படித்தால் குழப்பம் ஆரம்பிக்கிறது. தமிழில் இதைத் தெளிவாகச் சொல்ல நினைத்தால் ‘சுதந்திரமானவராகவும் வெள்ளையராகவும் உள்ள ஒருவர்’ என்று ‘உம்’ சேர்ப்போம். இரண்டு நிபந்தனை என்பது அந்த ‘உம்’மில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு அடைமொழிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போய்விடலாம். அது இரண்டு சல்லடையா, அல்லது ‘சுதந்திர வெள்ளையர்’ என்ற ஒரே கருத்தா?

அதே 1790இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொஞ்சம் உதவுகிறது. அதில் மனிதர்களை ஐந்து பத்திகளாகப் பிரித்தார்கள்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சுதந்திர வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழே உள்ளவர்கள், சுதந்திர வெள்ளைப் பெண்கள், மற்ற எல்லாச் சுதந்திர மனிதர்கள், அடிமைகள். கடைசிப் பத்தியில் மட்டும் சுமார் 7 லட்சம் பேர். நான்காவது பத்தியைக் கவனியுங்கள். சுதந்திரமானவர்கள்தான், ஆனால் வெள்ளையர் இல்லை. ஆக, இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

அப்படியானால் தலைகீழாகக் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளையர்தான், ஆனால் சுதந்திரமானவர் இல்லை என்று யாராவது உண்டா? இருந்தார்கள். கப்பல் கட்டணத்துக்காகத் தங்கள் உழைப்பைச் சில ஆண்டுகளுக்கு விற்றுவிட்டு இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் வந்த ஒப்பந்தக் கூலிகள். (ஒப்பந்தக் கூலி என்றதும் நமக்கு ஃபிஜியும் மொரீஷியஸும்தான் நினைவுக்கு வரும், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே ஐரோப்பியர்கள் அப்படி அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்கள்.) 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் மக்கள்தொகையை எண்ணும் இடத்தில் இவர்களையும் ‘சுதந்திர மனிதர்கள்’ கணக்கிலேயே சேர்த்தது. கட்டுப்பட்ட கூலியாக இருந்தாலும் அடிமை இல்லை, ஆகவே சுதந்திரம்.

‘ஃப்ரீ’ என்ற சொல் சமூகத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பற்றியது. ‘ஒயிட்’ அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பற்றியது. வர்க்கமும் இனமும் தோள் உரசி நிற்கும் வாக்கியம் இது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்குப் பிறகு ‘ஃப்ரீ’க்கு வேலையில்லை, எல்லோரும்தான் ஃப்ரீ. ஆனாலும் அந்தச் சொல் சட்டத்தில் அப்படியே கிடந்தது. மொத்தப் பாரமும் பக்கத்திலிருந்த சொல்லின் மேல் இறங்கியது.

எடுக்க மனமில்லாத சொல்

1870இல் அந்தச் சொல்லையே எடுத்துவிட ஒரு வாய்ப்பு வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. அடிமைமுறையை எதிர்த்தவர்களில் முக்கியமானவரான செனட்டர் சார்லஸ் சம்னர், குடியுரிமைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் ‘ஒயிட்’ என்ற சொல்லை அடித்துவிடலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். மேற்குக் கரை செனட்டர்கள் ஒப்பவில்லை. அடித்துவிட்டால் சீனர்களும் குடிமக்கள் ஆகிவிடுவார்களே!

கடைசியில் சொல்லை எடுக்காமல் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினார்கள்: ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் குடியுரிமை பெறலாம். வீட்டுக்கு இரண்டு வாசல் ஆயிற்று. ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பருக்கு. நடுவில் இருக்கும் உலகத்துக்கு வாசல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சட்டங்களையெல்லாம் தொகுத்து அச்சிட்டபோது ‘ஃப்ரீ ஒயிட் பெர்சன்’ என்ற பகுதி விட்டுப்போனது. அப்படியே விட்டிருந்தால் கதையே வேறு. 1875இல் திருத்தம் போட்டு அக்கறையாகத் திரும்பச் சேர்த்தார்கள்.

1878இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆ யுப் என்ற சீனர் குடியுரிமை கேட்டார். நீதிபதி லோரென்ஸோ சாயர் முதலில் செய்த காரியம் நாமும் செய்யக்கூடியதுதான்: அகராதியைத் திறந்தார். வெப்ஸ்டர் அகராதியில் இனங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார். லின்னேயஸ், புளூமன்பாக் போன்ற இயற்கை ஆய்வாளர்களின் வகைப்பாடுகளையும் பார்த்தார். மண்டையோடுகளை ஒப்பிட்டு, காக்கேசிய மலைப்பகுதியின் பெயரை ஐரோப்பியர்களுக்கு வைத்து, ‘காக்கேசியன்’ என்ற சொல்லைப் பரவச் செய்தவர் புளூமன்பாக். வெள்ளையர் என்றால் காக்கேசியர், சீனர் காக்கேசியர் அல்லர், ஆகவே இல்லை. தீர்ப்பு முடிந்தது.

அன்று முதல் 1952 வரை இப்படி 52 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. சீனர், ஜப்பானியர், பர்மியர், சிரியர், ஆர்மீனியர், இந்தியர், ஃபிலிப்பினோ எல்லோரும் வந்தார்கள். அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வழக்குகளிலும் மனுதாரர் சொன்னது ஒன்றுதான்: “நான் வெள்ளை.” இரண்டாவது வாசல் பக்கம் அவர்கள் யாரும் போகவில்லை. அங்கே போனால் குடியுரிமையோடு சேர்த்து வேறு என்னென்ன கிடைக்கும் என்பது அந்த நாட்டில் இரண்டு நாள் இருந்தவருக்கே தெரிந்திருக்கும்.

தீர்ப்புகளும் ஒன்றுபோல வரவில்லை. சிரியாவிலிருந்து வந்த ஜார்ஜ் டோ வெள்ளையர் அல்லர் என்று 1914இல் தென் கரோலினா நீதிபதி சொன்னார். 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை வெள்ளையர் ஆக்கியது. பிகாஜி பால்சாரா என்ற பார்சி வணிகர் 1910இல் மேல்முறையீட்டிலும் வென்றார். அக்ஷய் குமார் மஜும்தார் என்ற வங்காளி, தான் கலப்பற்ற இரத்தம் உள்ள உயர்சாதி இந்து என்று சொல்லி 1913இல் குடிமகன் ஆனார். ஒரே சட்டம், ஒரே மூன்று சொற்கள். எந்த ஊரில் எந்த நீதிபதி முன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து உங்கள் இனம் மாறியது.

மூன்று மாத இடைவெளி

1922 நவம்பரில் தகாவோ ஒஸாவா வழக்கு உச்சநீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஜப்பானில் பிறந்தவர். பெர்க்லியில் உயர்நிலைப் பள்ளி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள், பிறகு ஹவாயில் குடும்பம். வீட்டில் பேசியது ஆங்கிலம். பிள்ளைகள் போனது அமெரிக்கப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும். நடத்தையில் குறை சொல்ல முடியாத மனிதர் என்பதை எதிர்த்தரப்பே ஒத்துக்கொண்டது. ஜப்பானியர் பலரின் தோல் சில ஐரோப்பியர்களின் தோலைவிட வெளுப்பு என்பதும் அவர் தரப்பு வாதம்.

நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு: தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, அது ஆளுக்கு ஆள் மாறும். வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர். ஒஸாவா காக்கேசியர் அல்லர்.

சரி, அளவுகோல் கிடைத்துவிட்டது. நிறமல்ல, இனம். இனத்தைச் சொல்வது அறிவியல். இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து அதே நீதிமன்றத்தில் நின்றார் பகத் சிங் திண்ட்.

திண்ட் 1892இல் அமிர்தசரஸ் மாவட்டத்தில் பிறந்தவர். 1913இல் சியாட்டில் வழியாக அமெரிக்காவுக்குள் வந்து, ஓரிகனின் மர அறுவை ஆலைகளில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, தலைப்பாகையோடு பணியாற்றினார். 1918 டிசம்பரில் இராணுவச் சீருடையிலேயே குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் அது பறிபோனது. மறுபடி ஓரிகனில் விண்ணப்பித்தார். கதர் கட்சியோடு தொடர்புள்ளவர் என்று குடியுரிமைத் துறை எதிர்த்தும், 1920இல் மாவட்ட நீதிபதி அவருக்குக் குடியுரிமை கொடுத்தார். துறை மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கிருந்து அந்தக் கேள்வி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

அன்றைய அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த யாரையும் ‘இந்து’ என்றுதான் சொல்வார்கள். அப்படித்தான் சீக்கியரான திண்ட் இந்து ஆனார். ‘உயர்சாதி’ என்ற அடைமொழி ஊர்ப் பேச்சிலிருந்து வந்ததல்ல. அது வழக்கின் அடித்தளம்.

வாதம் இப்படிப் போனது. மானுடவியலாளர்கள் பஞ்சாபியர்களைக் காக்கேசியர் என்று வகைப்படுத்துகிறார்கள். அவர்கள் ஆரியர்கள், அவர்களுடைய மொழியும் ஐரோப்பிய மொழிகளும் ஒரே குடும்பம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இரத்தம் கலந்திருக்காதா என்று கேட்டால், அதற்குத்தான் சாதி இருக்கிறது. சாதிவிட்டுச் சாதி மணம் கிடையாது, ஆகவே கலப்பும் கிடையாது. திண்ட் தரப்பின் எழுத்து வாதம் இன்னும் ஒரு படி போனது: திருமணம் என்று வரும்போது, உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கும் பார்வையும் அமெரிக்கர் கறுப்பரைப் பார்க்கும் பார்வையும் ஒன்றே என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. காலனிய ஆட்சியை எதிர்த்த இயக்கத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒருவர். குருமார்கள் சாதியை மறுத்த ஒரு மதத்தில் பிறந்தவர். எதிரில் இருக்கும் நீதிபதிக்குப் புரிகிற மொழியில் தன்னை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கையில் கிடைத்த மொழிபெயர்ப்பு அதுதான்: உங்களுக்கு இனம் எப்படியோ, எங்களுக்குச் சாதி அப்படி, நீங்கள் யாரைத் தள்ளிவைக்கிறீர்களோ, அதுபோன்றவர்களை நாங்களும் தள்ளிவைக்கிறோம், ஆகவே நாம் ஒன்று. வக்கீலின் உத்தி என்று கடந்துபோகலாம். ஆனால் அந்த உத்தி வெற்றி பெற்றிருந்தால் யாரெல்லாம் வெளியே நின்றிருப்பார்கள் என்று யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவரிடம் அமெரிக்க அதிகாரி முதலில் சாதியைத்தான் கேட்டிருப்பார்.

சாமானியனின் அகராதி

1923 பிப்ரவரி 19. தீர்ப்பை எழுதியவர் அதே சதர்லேண்ட். இந்த முறை அறிவியலை ஓரமாக வைத்துவிட்டார். சட்டத்தின் சொற்கள் சாதாரண மனிதர்கள் சாதாரண மனிதர்களுக்காக எழுதிய சாதாரணப் பேச்சுச் சொற்கள். அவற்றை ஆய்வாளரின் வகைப்பாட்டை வைத்துப் படிக்கக்கூடாது, சாமானிய மனிதனின் புரிதலில் படிக்க வேண்டும் என்றார். என்றோ ஒரு காலத்தில் ஸ்காண்டிநேவியருக்கும் இந்துவுக்கும் ஒரே மூதாதை இருந்திருக்கலாம். இன்று இருவரும் வேறு என்பது தெருவில் போகிறவனுக்கே தெரியும் என்பது சாரம். நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஒஸாவாவுக்கு அறிவியல், திண்டுக்குச் சாமானியன். வாக்கியம் ஒன்றே, படிக்கும் முறை மட்டும் மூன்று மாதத்தில் மாறிவிட்டது. அந்தச் சாமானியன் யார் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அவன் சீனனோ கறுப்பனோ பஞ்சாபியோ இல்லை என்பது மட்டும் உறுதி. சதர்லேண்டே இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அவர் குடியேறி என்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

தீர்ப்பின் ஓரிடத்தில் ஒரு தமிழ் வாசகர் சட்டென்று நின்றுவிடுவார். ஆரியர்கள் இந்தியாவுக்குள் வந்த பிறகு, சில பகுதிகளில் கருநிறத் திராவிடர்களோடு கலந்துவிட்டார்கள் என்று அங்கே வருகிறது. கலப்பைத் தடுக்கத்தான் சாதி விதிகள் இருந்தன, ஆனால் அவை முழுமையாகப் பலிக்கவில்லை போலிருக்கிறது என்கிறார் நீதிபதி. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பரவலாக்கிய சொல். 1923இல் நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னையில் அரசியல் சூடு ஏறிக்கொண்டிருந்த சொல். அதே நேரத்தில் வாஷிங்டனில் அது ‘அசுத்தத்தின்’ சான்றாகப் பயன்பட்டது. சாதி வேலி ஒருபோதும் முழுசாக அடைபட்டதில்லை என்று அந்த நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வேலிக்காரர்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. கலந்துவிட்டவர்களுக்கு எதிராகச் சொன்னது.

வாக்கியத்துக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்து அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். மஜும்தார் இழந்தார். பெஷாவரிலிருந்து 1915இல் மனைவி கலா, மூன்று மகன்களோடு வந்து சான்பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் இழந்தார். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன நாளில் அக்கம்பக்கத்தார் கதவைப் பூட்டி அவர்களை உள்ளே விடாத அனுபவம் அந்தக் குடும்பத்துக்கு முன்பே உண்டு. இப்போது சட்டமும் சேர்ந்துகொண்டது.

கலிபோர்னியாவில் 1913இலிருந்தே ஒரு நிலச்சட்டம் இருந்தது. ‘குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயலார்’ நிலம் வாங்கக்கூடாது என்றது அது. ஜப்பானியர், இந்தியர் என்று எந்தப் பெயரும் அதில் இல்லை. பார்த்தால் யாருக்கும் பொதுவான வாக்கியம் போலவே இருக்கும். 1790இன் மூன்று சொற்களை அதன் அடியில் வைத்துப் படித்தால்தான் யாரைச் சொல்கிறது என்று தெரியும். 1924இன் குடிவரவுச் சட்டமும் இதே தொடரைத்தான் பயன்படுத்தி ஆசியர்களைத் தடுத்தது.

பகாய் நாடற்றவர் ஆனார். பிரிட்டிஷ் குடியாக இருப்பது வேண்டாம் என்று அதைத் துறந்துதான் அமெரிக்கர் ஆகியிருந்தார். இந்தியா போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1928 மார்ச்சில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதம் சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வெளியானது. கலா பகாய் மகன்களை அங்கேயே வளர்த்து, 1950இல் தானும் குடிமகள் ஆனார். அன்று கதவைப் பூட்டிய பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

திண்டுக்காக வாதாடிய வக்கீல் சகாராம் கணேஷ் பண்டிட்டின் குடியுரிமைக்கும் அரசு குறிவைத்தது. அவர் மட்டும் தப்பித்தார். எப்படி? இந்தத் தடவை அவர் வென்றது, தான் வெள்ளையர் என்று நிரூபித்து அல்ல. ஒரு நீதிமன்றம் முறையாகக் கொடுத்து முடித்த தீர்ப்பை அரசு பல ஆண்டு கழித்துக் கிளறக்கூடாது என்ற வாதம் மேல்முறையீட்டில் நின்றது. 1927இல் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அதன் பிறகு மற்ற இந்தியர்கள் மேலிருந்த வழக்குகளை அரசு கைவிட்டது. ஐந்து ஆண்டுகளாக எல்லோரும் ‘ஒயிட்’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அந்தச் சொல்லைத் தொடாத வாதம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

திண்ட் 1936இல், முன்னாள் படைவீரர்களுக்கான தனிச்சட்டத்தின் கீழ் மூன்றாவது முறையாக விண்ணப்பித்து அமெரிக்கர் ஆனார். இந்தியர்களுக்கு 1946இல் சட்டம் மாறியது. ஆண்டுக்கு 100 பேர் வரலாம், குடியுரிமை பெறலாம். 1952இல் தான் குடியுரிமைக்கு இனம் ஒரு தடையல்ல என்று சட்டம் சொன்னது. 162 ஆண்டுகளில் அந்த வாக்கியத்தைச் சரியாகப் படித்துக்காட்டி யாரும் அதைத் தோற்கடிக்கவில்லை. சம்னர் 1870இல் சொன்னபடி சொல்லை அடித்தபோதுதான் அது போனது.

சாதி மட்டும் அமெரிக்கச் சட்டத்தை விட்டுப் போகவில்லை. திண்ட் தீர்ப்புக்கு நூறு ஆண்டும் இரண்டு நாளும் கழித்து, 2023 பிப்ரவரி 21 அன்று, அவர் வந்திறங்கிய அதே சியாட்டில் நகரத்தின் மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் இதுபோன்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் கெவின் நியூசம் கையெழுத்திட மறுத்தார். இருக்கும் சட்டத்தில் உள்ள ‘வம்சாவளி’ முதலிய சொற்களே சாதியையும் உள்ளடக்கும், புதிதாக ஒரு சொல் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

1923இல் சாதி அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு மேன்மையின் சான்றிதழாகப் போனது. நூறு ஆண்டு கழித்து ஒரு காயத்தின் பெயராகப் போயிருக்கிறது. கொண்டுபோனவர்களும் வேறு ஆட்கள். ‘வம்சாவளி’ என்ற சொல்லுக்குள் சாதி உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி ஏதாவது ஒரு நாள் ஒரு நீதிபதியின் மேசைக்கு வரும். அவரும் அகராதியைத் திறப்பார்.